கனமான டெலிஃபோட்டோ லென்ஸ்: தாங்கும்போதும் சுமக்கும்போதும் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

150-600 மி.மீ. ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலும் 2 கிலோவை ஒட்டியே இருக்கும். இப்போது வரும் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ்கள் 3 கிலோவைச் சற்றுத் தாண்டும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தையவை 5 கிலோவையும் தொட்டன. கேமராவையும் சேர்த்தால் இன்னும் முக்கால் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை கூடும். இந்த எடையில் வரும் கோளாறுகள் பலவாகத் தெரிந்தாலும் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றுதான்: எடை எங்கே குவிகிறதோ அங்கே தாங்காமல் வேறு இடத்தில் தாங்குவது. புது முக்காலிக்குப் பணம் செலவழிக்கும் முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

முதலில் சமநிலைப் புள்ளி

படம் எடுக்கும்போது இருக்கும் அதே நிலையில் எல்லாவற்றையும் பொருத்துங்கள்: பேட்டரி, மெமரி கார்டு, படமெடுக்கும் நிலையில் ஹூட், பயன்படுத்துவதானால் டெலிகன்வெர்ட்டர் (குவியத் தூரத்தைக் கூட்ட லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போடும் துணை லென்ஸ்). மெத்தைக்கு மேலே, லென்ஸ் காலரின் (குழாயைச் சுற்றிய வளையம்) அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபுட்டை இரண்டு விரல்களில் தாங்கி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம்தான் புள்ளி. ஃபுட்டில் பொருத்திய பிளேட்டின் (முக்காலியில் பூட்டுவதற்கான தகடு) பக்கவாட்டில் மெல்லிய டேப் ஒட்டியோ வெள்ளைப் பேனாவால் கோடு போட்டோ குறித்து வையுங்கள்.

ஜூம் செய்யும்போது குழாய் வெளியே நீளும் லென்ஸ் என்றால் 150-இல் ஒன்று, 600-இல் ஒன்று என இரண்டு கோடுகள் தேவை. இடைவெளி சில செ.மீ. இருக்கும். குழாய் நீளாத, உள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸ்களில் ஒரு கோடே போதும். கோடு பிளேட்டுக்கு வெளியே விழுந்தால் பிளேட் குட்டை என்று பொருள். கனமான கேமராவோ கன்வெர்ட்டரோ சேரும்போது இப்படி ஆகும். நீளமான பிளேட்டோ, அடியிலேயே ஆர்கா-ஸ்விஸ் வகை வெட்டு (கிளாம்ப் பிடிக்கும் சரிவான விளிம்பு) உள்ள நீளமான மாற்று ஃபுட்டோ வேண்டும். இரண்டாவதே மேல்: இணைப்பு ஒன்று குறைகிறது, உயரமும் குறைகிறது.

அறிகுறி: முக்காலியில் வைத்தும் படம் கூர்மையாக இல்லை

24 மெகாபிக்சல் முழுச்சட்டக சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 6 மைக்ரான். 600 மி.மீ.-இல் கணக்குப் போட்டால், தாங்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும் லென்ஸ் முனை 3 மைக்ரான் அசைந்தாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. கண்ணுக்கு அசைவே தெரியாத முக்காலி என்பதால் ஆடாத முக்காலி ஆகிவிடாது.

முதலில், குறை முக்காலியிலா காற்றிலா என்று பிரித்தறியுங்கள். 15 அல்லது 20 மீட்டர் தொலைவில், நிழலில் இருக்கும் நுண்ணெழுத்தைப் படமெடுங்கள். அது கூர்மையாக வந்து, 200 மீட்டரில் இருப்பது மட்டும் நெளிந்து வந்தால் அது கானல். வெயிலேறிய தரை, சாலை, நீர்ப்பரப்பு இவற்றின் மேல் பார்வை செல்லும்போது எந்த முக்காலியும் உதவாது. நெருங்கிச் செல்வதும், வெயில் ஏறும் முன் எடுப்பதும்தான் வழி. குளிரூட்டிய காரின் ஜன்னல் வழியே வெப்பமான வெளிக்காற்றைப் பார்த்து எடுக்கும்போதும் இதே நெளிவு வரும்.

பக்கத்தில் எடுத்ததும் மங்கலாக இருந்தால் தட்டிப் பார்க்கும் சோதனைக்குப் போங்கள். லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி ஒரு கூர்மையான விளிம்பில் குவியுங்கள். ஹூட்டின் மேல் ஒரு விரலால் லேசாகத் தட்டி, திரையில் ஆட்டம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஓரிரு வினாடிக்கு மேல் ஆடினால் எங்கோ தளர்வு இருக்கிறது. மேலிருந்து கீழாகத் தேடுங்கள். திரையைப் பார்த்தபடியே ஒவ்வொரு இணைப்பையும் விரலால் அழுத்துங்கள்: காலர் வளையம், ஃபுட், பிளேட், கிளாம்ப் (பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பகுதி), ஹெட் (முக்காலியின் மேலே லென்ஸைத் திருப்பும் பகுதி), முக்காலியின் மேல்தட்டு, கால்கள். எங்கே அழுத்தும்போது விளிம்பு மற்ற இடங்களைவிட அதிகமாக விலகுகிறதோ அங்கேதான் பலவீனம்.

அடிக்கடி சிக்குபவை இவை. காலர் திருகு முழுதாக இறுகாமல் இருக்கும். பிளேட்டுக்கும் ஃபுட்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது கார்க் தகடு இருக்கும். சின்ன லென்ஸுக்கு அது நல்லது, இங்கே அதுவே நெகிழும். நடுத்தண்டு உயர்ந்திருக்கும், அதை முழுதாக இறக்கிவிடுங்கள், முடிந்தால் கழற்றியே விடுங்கள். கால்கள் அகலும் எல்லைவரை விரியாமல் அரைகுறையாக நிற்கும். ஒவ்வொரு காலையும் வெளிப்பக்கம் தள்ளி, தடுப்பில் முட்டுகிறதா என்று பாருங்கள். காலின் கீல் போல்ட் தளர்ந்திருக்கும். முக்காலியைச் சாய்த்துப் பிடித்து ஒரு காலைத் தூக்கி விட்டால் அது தொபுக்கென்று விழக்கூடாது, நிற்கவோ மெல்ல இறங்கவோ வேண்டும். தளர்ந்திருந்தால் ஆலன் கீயால் (ஆறுபட்டைத் திருகுச் சாவி) கால்வாசிச் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாம் இறுகியும் ஆடுகிறது என்றால் கால்களின் தடிமனைப் பாருங்கள். முக்காலி தாங்கும் எடை என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை, அது உடையாமல் நிற்கும் எடையே தவிர ஆடாமல் நிற்கும் எடை அல்ல. மேல் குழாயின் விட்டம் நேர்மையான அளவுகோல். 2 கிலோ ஜூமுக்கு 28 மி.மீ., 600 எஃப்/4 போன்றவற்றுக்கு 32 மி.மீ.யும் அதற்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் முக்காலியையே ஓட்ட வேண்டுமானால் கடைசி மெல்லிய பகுதியை நீட்டாமல், குனிந்தோ உட்கார்ந்தோ எடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

காற்று அடிக்கும்போது மட்டும் ஆடினால் குற்றவாளி பெரும்பாலும் ஹூட்தான். அகலமான ஹூட் காற்றை வாங்கி லென்ஸைத் திருப்பும். வெளிச்சம் நேராக விழாத பக்கம் என்றால் கழற்றிவிடுங்கள். ஸ்ட்ராப் தொங்கிப் படபடக்காமல் சுற்றி வையுங்கள். முக்காலியின் கொக்கியில் பையை மாட்டுவதானால் அதன் அடி தரையை லேசாகத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் பையே ஊசலாடி அசைவைக் கூட்டும்.

ஷட்டர் வேகத்தையும் பாருங்கள். 1/4 முதல் 1/30 வினாடி வரையிலான வேகங்களில் டிஎஸ்எல்ஆர் கண்ணாடியின் அதிர்வும் ஷட்டரின் அதிர்வும் அதிகமாகப் பதியும். கண்ணாடியை முன்பே உயர்த்தி வைப்பது, எலக்ட்ரானிக் முதல் திரை, 2 வினாடி டைமர் அல்லது ரிமோட் இவை அங்கே பலன் தரும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பு வேறு விஷயம்: முக்காலியில் இருப்பதைத் தானே உணரும் புதிய லென்ஸ்களில் அணைக்க வேண்டியதில்லை, பழையவற்றில், எல்லாம் இறுக்கப்பட்ட முக்காலியில் அது இல்லாத அசைவைத் துரத்தும், அணைத்துவிடுங்கள். கிம்பலை (லென்ஸை எடை மையத்தில் ஊஞ்சல்போல் தாங்கும் ஹெட்) தளர்வாக வைத்துப் பறவையைத் தொடரும்போதும் மோனோபாடிலும் (ஒற்றைக்கால் தாங்கி) அதிர்வுத் தடுப்பு இயங்கட்டும். கேனான் லென்ஸ்களில் மோட் 2 பேனிங்குக்கு (லென்ஸைப் பக்கவாட்டில் திருப்பித் தொடர்வது), மோட் 3 ஷட்டர் திறக்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்வது. நிக்கானில் வேகமாக நகர்பவற்றுக்கு ஸ்போர்ட் மோட்.

அறிகுறி: ஃப்ரேம் வைத்துப் பூட்டியதும் லென்ஸ் கொஞ்சம் இறங்கிவிடுகிறது

பால் ஹெட்டில் (பந்து மூட்டில் எல்லாப் பக்கமும் திரும்பும் ஹெட்) சகஜம். கையின் தாங்கலை விட்டதும் பந்தின் கழுத்து, பிளேட், ஃபுட் எல்லாம் எடையில் சற்று வளையும். முதலில் சமநிலைக் கோடு கிளாம்ப்பின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி பிரச்சினை அங்கேயே தீரும். உயரமான ஃபுட் இருந்தால் தாழ்வான மாற்று ஃபுட் போடுங்கள். பந்தில் எண்ணெய்ப் பிசுக்கோ மணலோ இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் விடவே கூடாது. இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருக்கும் சிறு இறக்கத்துக்கு, ஃப்ரேமை அந்த அளவு மேலே வைத்துப் பூட்டுவதுதான் வழி.

அறிகுறி: குமிழைத் தளர்த்தியதும் லென்ஸ் தடாலென்று ஒரு பக்கம் சாய்கிறது

இதுவும் பால் ஹெட்டுதான், ஆனால் இதற்குச் சரிசெய்தல் கிடையாது. பந்துக்கு மேலே எடை நிற்கிறது. பிடி தளர்ந்தால் கவிழ்வது அதன் இயல்பு. இப்படிச் சாயும்போது விரல் நசுங்கும், முக்காலியோடு சேர்ந்து விழவும் செய்யும். அசையாத பொருளை எடுக்க மட்டும் பால் ஹெட்டை வைத்துக்கொள்ளலாம், உராய்வுக் குமிழைப் பாதி இறுக்கி, ஒரு கையை லென்ஸை விட்டு எடுக்காமல். பறவை, விலங்கு, விளையாட்டு என்றால் கிம்பல் ஹெட்டுக்கு மாறுங்கள். வீடியோவும் எடுப்பவர்களுக்கு ஃப்ளூயிட் ஹெட் (சீராக நகரும் வீடியோ ஹெட்) பொருந்தும், சாய்வைத் தாங்கும் அதன் எதிர்ச்சமன் உங்கள் எடைக்கு ஒத்துப்போனால்.

அறிகுறி: கிம்பலில் கையை விட்டால் லென்ஸ் நிற்பதில்லை

கிம்பல் சரியாக அமைந்தால் எந்தக் கோணத்தில் விட்டாலும் லென்ஸ் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்பதற்காகக் குமிழை இறுக்கி ஓட்டுபவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் கிம்பல் வாங்கியதே வீண். கை எப்போதும் உராய்வோடு மல்லுக்கட்டும், தொடரும்போது ஃப்ரேம் விட்டுவிட்டு நகரும்.

1. முக்காலியின் ஒரு கால் லென்ஸ் நோக்கும் திசையில் இருக்கட்டும். நீங்கள் மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே நில்லுங்கள். லென்ஸை ஒரு கையில் தாங்கியபடி கிளாம்ப்பில் பூட்டுங்கள். பூட்டியதை உறுதி செய்யும்வரை அந்தக் கையை எடுக்காதீர்கள்.

2. சாய்வுக் குமிழை முழுதாகத் தளர்த்துங்கள். லென்ஸ் முனை இறங்கினால் லென்ஸைக் கிளாம்ப்பில் பின்னுக்கு, கேமரா இறங்கினால் முன்னுக்கு நகர்த்துங்கள். கிடைநிலையில் நிற்கும்வரை.

3. இப்போது முனையை 45 டிகிரி அளவுக்கு மேலே தூக்கி விடுங்கள். தானாகவே மேலும் சாய்ந்துகொண்டு போனால் லென்ஸ் சுழல் அச்சுக்கு மேலே இருக்கிறது; கிம்பலின் தாங்கு கையை (கிளாம்ப் உள்ள பகுதி) இறக்குங்கள். கிடைநிலைக்கே திரும்பி வந்தால் லென்ஸ் அச்சுக்குக் கீழே இருக்கிறது, ஏற்றுங்கள். விட்ட இடத்தில் நின்றால் சரி.

மூன்றாவது படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முன்பின் சமநிலை மட்டும் பார்த்தால், கிடையாக இருக்கும்போது நிற்கும், வானத்தை நோக்கும்போது ஓடும். தாங்கு கையின் உயரத்தை மாற்ற முடியாத கிம்பல்களில் ஃபுட்டின் உயரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சமநிலை வந்த பின் இரண்டு குமிழ்களிலும் மிகச் சிறிய உராய்வு வையுங்கள். காற்றில் தானே திரும்பாத அளவு போதும். கன்வெர்ட்டர் போட்டாலோ, ஹூட்டைக் கழற்றினாலோ, ஜூமை முழுதாக நீட்டினாலோ இரண்டாவது படியை மறுபடி செய்ய வேண்டும். நீளும் ஜூமுக்கு, நீங்கள் அதிகம் எடுக்கும் குவியத் தூரத்துக்கே சமநிலை வையுங்கள். பெரும்பாலோருக்கு அது முழு நீட்டம்தான்.

அறிகுறி: பேன் செய்யும்போது அடிவானம் சாய்கிறது

கிம்பல் உட்கார்ந்திருக்கும் தளம் மட்டமாக இல்லை. நடுவில் மட்டமாக இருந்தாலும் இருபக்கம் போகும்போது எதிரெதிராகச் சாயும். கால்களை நீட்டிக் குறைத்தோ, இதற்கென வரும் லெவலிங் பேஸைப் போட்டோ தளத்தை மட்டமாக்குங்கள். அவசரத்துக்குக் காலரைத் தளர்த்தி லென்ஸைச் சுழற்றிக்கொள்ளலாம், ஆனால் அது அந்த ஒரு திசைக்கே சரி.

அறிகுறி: இடப்பக்கம் பேன் செய்தால் ஹெட் கழன்று வருகிறது

ஹெட்டின் அடியில் உள்ள 3/8 அங்குலத் திருகு வலஞ்சுழி. இடப்பக்கம் திருப்புவது அதைக் கழற்றும் திசை. மேல்தட்டின் அடியில் சிறு பூட்டுத் திருகுகள் இருந்தால் ஹெட்டை இறுக்கிய பின் அவற்றை ஏற்றிவிடுங்கள். பேன் குமிழ் பூட்டியிருக்கும்போது வேகமாகத் திருப்புவதும் இதே கோளாற்றை வரவழைக்கும்.

அறிகுறி: பிளேட் திரும்புகிறது, அல்லது கிளாம்ப்பில் வழுக்குகிறது

ஒற்றைத் திருகில் நிற்கும் பிளேட் நீளமான லென்ஸின் திருப்பு விசையில் சுற்றும். ஃபுட்டில் இரண்டு துளைகள் இருந்தால் இரண்டிலும் திருகு போடுங்கள். ஒன்றுதான் என்றால் ஓரத்தில் தடுப்பு உதடு உள்ள பிளேட் வாங்குங்கள். கையால் இறுக்குவது போதாது, ஆலன் கீ வேண்டும்.

வழுக்குவது வேறு காரணம். ஆர்கா-ஸ்விஸ் வகை பிளேட்டுகள் ஏறத்தாழ 38 மி.மீ. அகலம் என்றாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். திருகுக் குமிழ் கிளாம்ப் எந்த அகலத்துக்கும் இறுகும். நெம்புகோல் கிளாம்ப் ஒரே அகலத்துக்கு அமைக்கப்பட்டது, மெலிந்த பிளேட்டைப் பிடித்ததுபோல் காட்டி விட்டுவிடும். கலந்து வாங்கிய பிளேட்டுகள் இருந்தால் குமிழ் கிளாம்ப்பே பாதுகாப்பு. எந்தக் கிளாம்ப்பானாலும் பிளேட்டின் இரு முனைகளிலும் தடுப்புத் திருகுகள் இருக்க வேண்டும். அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்யாதீர்கள். கிளாம்ப் தளர்ந்த வேளையில் லென்ஸைத் தரையில் விழாமல் காப்பது அந்த இரண்டு சிறு திருகுகள்தான்.

அறிகுறி: மோனோபாடில் லென்ஸ் பக்கவாட்டில் ஆடுகிறது, மேலே நோக்க முடியவில்லை

மோனோபாடில் பால் ஹெட் இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சாய்வது இங்கே இரட்டைத் தொல்லை. முன்பின் மட்டும் சாயும் டில்ட் ஹெட் போடுங்கள். அதன் கிளாம்ப் பல நேரம் கேமராவின் அடிக்கேற்ற திசையில் வரும்; லென்ஸ் ஃபுட்டின் பிளேட் லென்ஸின் நீளவாட்டில் ஓடுவதால் கிளாம்ப்பை 90 டிகிரி திருப்பிப் பொருத்த வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் மேலே கீழே சாய வேண்டிய ஹெட் இடமும் வலமும் சாயும்.

உயரம், கண்ணுக்குச் சற்று மேலே வருமளவு வையுங்கள். மேல்நோக்கும்போது அது தேவைப்படும். மோனோபாடின் அடியைச் சற்று முன்னே ஊன்றி, உங்கள் இரு கால்களோடு சேர்த்து முக்கோணமாக்கி, லேசாக முன்சாய்ந்து எடையைக் கீழே அழுத்துங்கள். இடக்கை காலரின் மேல் அழுந்தி இருக்கட்டும், கண் வியூஃபைண்டரில் ஒட்டி இருக்கட்டும். செங்குத்துப் படத்துக்குக் காலரைத் தளர்த்தி லென்ஸைச் சுழற்றினால் போதும்.

அறிகுறி: கையில் பிடித்து எடுக்கையில் சில நிமிடத்தில் கை நடுங்குகிறது

பெரும்பாலும் வலக்கை கேமரா பிடியில் எடையைத் தூக்குகிறது. அது ஷட்டருக்கு மட்டும். எடை முழுவதும் இடது உள்ளங்கையில், சமநிலைப் புள்ளிக்குச் சற்று முன்னே இறங்க வேண்டும். முழங்கை விலாவில் ஒட்டியிருக்க வேண்டும். ஃபுட் உள்ளங்கையை உறுத்தினால் காலரைச் சுழற்றி அதை மேலே கொண்டுபோங்கள். தூக்கி நடக்கக் கைப்பிடியாகவும் ஆகும். உட்கார்ந்து எடுக்கும்போது முழங்கை எலும்பை முட்டி எலும்பின் மேல் வைக்காதீர்கள், வழுக்கும். மேற்கையின் சதைப் பகுதியைத் தொடையில் ஊன்றுங்கள். பறவை பறக்கும்வரை லென்ஸைத் தூக்கிக் காத்திருக்க வேண்டாம். நடுக்கம் தொடங்கிய பின் இறக்கினால் அடுத்த சில நிமிடப் படங்களும் போகும், அதற்கு முன்பே இறக்குங்கள். ஷட்டர் வேகம் குவியத் தூரத்தின் தலைகீழுக்குக் குறையக்கூடாது: 600 மி.மீ.க்கு 1/600, 1.5 மடங்கு கிராப் சென்சாரில் 1/900. பறக்கும் பறவைக்கு இது போதாது, 1/2000-க்கு மேலே போங்கள்.

அறிகுறி: பீன் பேக்கில் லென்ஸ் உருளுகிறது

லென்ஸைத் தாங்க அடியில் வைக்கும் அந்தப் பை மிகவும் நிரம்பியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் லென்ஸ் பதிய இடம் கிடைக்கும். ஃபுட்டை மேலே திருப்பி, குழாய் நேராகப் பையில் படுக்கட்டும்; ஜூம் வளையமும் ஃபோகஸ் வளையமும் பையில் அழுந்தக்கூடாது. வண்டியில் என்ஜினை அணைத்தாக வேண்டும். தானியம் நிரப்பிய பை நனைந்தால் ஊறும், முளைக்கும், பூச்சி வைக்கும். ஈரமான இடங்களுக்கு பிளாஸ்டிக் மணிகள் நல்லது.

அறிகுறி: ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் கழுத்து வலி, மவுண்ட்டில் ஆட்டம்

கேமராவின் காதுகளில் மாட்டிய ஸ்ட்ராப்பில் இந்த எடை தொங்கினால் லென்ஸின் பாரம் முழுவதும் மவுண்ட்டின் (லென்ஸும் கேமராவும் பூட்டிக்கொள்ளும் வளையம்) வழியேதான் கேமராவுக்குப் போகிறது. 2 கிலோ லென்ஸின் எடை மையம் மவுண்ட்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்து, லென்ஸ் கிடையாக நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே விழும் திருப்பு விசை சுமார் 3 நியூட்டன் மீட்டர். நடையின் குலுக்கலில் இன்னும் கூடும். மவுண்ட்டில் சுழற்சித் திசையில் சிறு ஆட்டம் பல கேமராக்களில் இயல்பு. மேலும் கீழுமாக ஆடினால், அல்லது படத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலாக வந்தால், பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

ஸ்ட்ராப்பை லென்ஸின் காதுகளிலோ ஃபுட்டிலோ மாட்டுங்கள், கழுத்தில் அல்லாமல் தோள் குறுக்காக. ஃபுட்டில் மாட்டும் ஸ்லிங் ஸ்ட்ராப்புகளின் ஆபத்து வேறு: நடக்க நடக்க லென்ஸ் சுழன்று 1/4 அங்குலத் திருகைத் தானே கழற்றும். ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை தோளில் போடும் முன்பும் விரலால் இறுக்கிப் பாருங்கள். இதற்கு அப்பாலும், கேமராவின் காதிலிருந்து ஸ்ட்ராப்புக்கு ஒரு துணைக் கயிறு கட்டுங்கள். ஃபுட்டில் க்யூ-டி சாக்கெட் (ஸ்ட்ராப்பை அழுத்தி மாட்டிக் கழற்றும் துளை) இருந்தால் திருகைவிட அதுவே மேல். நெம்புகோல் கிளாம்ப்பால் ஸ்ட்ராப்பில் தொங்கவிடாதீர்கள். புதரிலோ பையின் பட்டையிலோ நெம்புகோல் மாட்டித் திறந்துகொள்ளும்.

கீழ்நோக்கித் தொங்கும்போது ஜூம் தானே நீண்டால் லென்ஸில் உள்ள பூட்டுச் சுவிட்சைப் போடுங்கள். பெரும்பாலான லென்ஸ்களில் அது மிகக் குறைந்த குவியத் தூரத்தில்தான் பூட்டும்.

அறிகுறி: முக்காலியோடு தோளில் தூக்கி நடந்தால் லென்ஸ் சுழல்கிறது

நூறடி தூரத்துக்கு மேல் இப்படிப் போகாமல் இருப்பதே நல்லது. போவதானால் கிம்பலின் இரண்டு குமிழ்களையும் இறுக்கி, கிளாம்ப்பைத் தொட்டுப் பார்த்து, லென்ஸ் ஸ்ட்ராப்பைக் கையிலோ தோளிலோ சுற்றிக்கொள்ளுங்கள். லென்ஸ் முதுகுக்குப் பின்னால் போகும்போது கழன்றால் தெரியாது. கேமரா கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கம் வைத்து, முக்காலியை நெஞ்சோடு அணைத்துச் செல்வது பாதுகாப்பு. நீண்ட நடைக்கு லென்ஸ் பையில், முக்காலி தனியே.

பையில் கன்வெர்ட்டரைக் கழற்றி வையுங்கள், அது இன்னொரு மவுண்ட் இணைப்பு. கேமராவோடு சேர்த்து வைப்பதானால் குழாய்க்கு அடியிலும் கேமராவுக்கு அடியிலும் தனித்தனி மெத்தைத் தடுப்பு வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மற்றது மவுண்ட்டில் தொங்கும். கனம் முதுகை ஒட்டி இருக்கட்டும். இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகுதான் தோள் பட்டைகள்.

அறிகுறி: எடை ஏறியதும் முக்காலிக் கால் மெல்ல உள்ளே இறங்குகிறது

திருகுப் பூட்டுக்குள் மணலோ சேறோ போயிருக்கும். பூட்டைக் கழற்றிக் காலை உருவி வெளியே எடுங்கள். குழாயின் மேல்முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் எந்தப் பக்கம், எந்தத் துளையில் உட்கார்ந்திருந்தன என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டால் கால் சுற்றும், பூட்டு பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாக உலரவிட்டு, திருகுமரையில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். குழாயிலும் பட்டையிலும் கிரீஸ் பட்டால் பழைய வழுக்கலே திரும்பும். உப்புநீரில் நின்ற முக்காலிக்கு இதை அன்றே செய்ய வேண்டும்.

சேற்றிலும் ஆழமில்லாத நீரிலும் நிறுத்தும்போது வழக்கத்தை மாற்றுங்கள்: தடித்த பகுதியை முதலில் நீட்டாமல், கடைசி மெல்லிய பகுதியை ஒரு முழம் நீட்டி, அதன் பூட்டு நீர்மட்டத்துக்கு மேலே இருக்குமாறு வையுங்கள்.